குரல் போன வருஷம்

எங்கள் அடுக்குமாடியில் யாருக்காவது கழுத்தில் கட்டி என்றால் என்னிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். சங்கிலியை ஒதுக்கித் தழும்பைக் காட்டுகிறேன். ஊசி எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், தண்ணீரை எப்படி விழுங்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறேன். வந்தவர்கள் கொஞ்சம் தைரியமாகத் திரும்பிப் போகிறார்கள்.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த நாட்களில் என்னிடம் வலியைவிட, பயத்தைவிட அதிகமாக இருந்தது பொறாமை. இப்போது உடம்பு தேறிவிட்டது. அதையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்துக்கும் நடுவே கடலில் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷம் அதே ஸ்விட்ச்போர்டு, அதே நாற்காலி. கப்பல் கேப்டன்கள், சுங்க அதிகாரிகள், கப்பலுக்குச் சாமான் ஏற்றும் சீன முதலாளிகளான தவ்கேக்கள் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது என் குரல்தான். ஒரு தடவை பாசாரில் நான் மீன் விலை கேட்டதும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் சட்டென்று திரும்பினார். "நீங்க அந்த ஷிப்பிங் ஆபீஸ் ஆபரேட்டர்தானே?" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன். வீடு, சமையல், பஸ், மறுபடி வீடு என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் எனக்கென்று இருந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

கட்டியை முதலில் பார்த்தது என் மகள் கோமதி. ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். நான் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது, "அம்மா, கழுத்துல என்னா ஏறி எறங்குது?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம், கோலிக்குண்டு அளவில் ஒன்று, விழுங்கும்போது மேலே போய்க் கீழே வந்தது.

ஆஸ்பத்திரியில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு மர பெஞ்சில் உட்காரும் வேலை தொடங்கியது. ஒவ்வொரு வியாழனும் போனேன். முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதிலிருந்து துளி நீரையும் கொஞ்சம் அணுக்களையும் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுப்பினார்கள். எறும்பு கடிப்பது போலத்தான் இருந்தது. காத்திருப்பதுதான் கடித்தது. மூன்றாவது வியாழன் அறுவை டாக்டர் படம் வரைந்து காட்டினார். குரல்வளைக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி போல ஒரு சுரப்பி, அதன் பெயர் தைராய்டு. அதன் இடது இறக்கையில் கட்டி. ஊசிப் பரிசோதனையில் நல்லதா கெட்டதா என்று உறுதியாகத் தெரியவில்லை. அந்தப் பாதியை எடுத்துவிட்டுச் சோதித்தால்தான் தெரியும்.

அவர் இன்னொரு கோடும் வரைந்தார். சுரப்பிக்குப் பின்னால் நூல் போல ஒரு நரம்பு போகிறது. குரல் நாணை அசைப்பது அதுதான். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில பேருக்கு அது பட்டுவிடலாம், அப்போது குரல் கம்மிப்போகும் என்றார்.

"சில பேருன்னா எத்தன பேரு டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"கொஞ்சம் பேர்தான்."

கையெழுத்துப் போட்டேன். அந்தக் கொஞ்சம் பேரில் நான் இருக்கமாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

லீவு எழுதிக் கொடுத்தபோது மேனேஜர், "லீலா போர்டைப் பார்த்துக்கொள்வாள்" என்று சொன்னார். லீலா எங்கள் ஆபீசில் பின்னறையில் டைப் அடிப்பவள், ஃபைல் அடுக்குபவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். கணவர் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. தலையைக் குனிந்து வந்து, தலையைக் குனிந்து போவாள். அவள் பேசினால் அடுத்த மேசைக்கே கேட்காது. பாவம், இரண்டு நாளில் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

அறுவை முடிந்து நான் கண் விழித்தபோது கழுத்தில் பெரிய கட்டு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தேங்கும் ரத்தம் வெளியே வருவதற்காம். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மணி என்ன?" என்று கேட்டேன். காற்று மட்டும் வந்தது. இன்னும் அழுத்திக் கேட்டேன். ஓட்டை டயரில் காற்றடிப்பது போல ஒரு சத்தம். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, நீண்ட காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தார். "ஈ சொல்லுங்க," என்றார். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. வலது நாண் அசைகிறது, இடது நாண் அசையவில்லை என்றார். நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது. மெல்ல மெல்லத் திரும்பலாம்.

நான் பென்சிலை எடுத்து எழுதினேன்: "எப்போது?"

"சில மாசம். ஒரு வருஷம்கூட ஆகலாம். திரும்பாமலும் போகலாம், ராஜேஸ்வரி. நான் முதலிலேயே சொன்னேன்."

சொன்னார்தான். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் மற்ற எல்லார்மேலும் கோபம் வந்தது.

முதலில் பக்கத்துக் கட்டில் மலாய் அம்மா, மக்சிக் சாலேஹா. பாலிக் புலாவ் கிராமத்துக்காரர், அறுபது வயது. எனக்கு முந்தின நாள் அதே டாக்டரிடம் அதே அறுவை. மறுநாளே உட்கார்ந்து வார்டு முழுக்கக் கேட்கப் பேசினார். மருமகளைத் திட்டினார், நர்சை அதட்டினார், டுரியான் சீசனைப் பற்றிச் சொன்னார். இப்படி ஒரு குரல் இவருக்கு எதற்கு என்று படுத்துக்கொண்டே நினைத்தேன். தோட்டத்தில் கோழியை விரட்டத்தானே! அவரோ தன் மகன் கொண்டுவந்த கஞ்சியை எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி, "மக்கான்லா, ராஜி," என்று கையில் வைத்தார். குடித்தேன். குடித்துக்கொண்டே பொறாமைப்பட்டேன்.

தண்ணீர்தான் பெரிய பாடு. குரல் நாண் சரியாக மூடாததால் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கப் பார்க்கும். ஒவ்வொரு வாய்க்கும் தாடையை நெஞ்சில் பதித்துக்கொண்டு விழுங்கவேண்டும். மறந்து அண்ணாந்தால் இருமல் பிடித்து, தையல் கிழிந்துவிடுமோ என்று உயிர் போகும்.

என் கணவர் மணியம் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கிளார்க். வேலை முடிந்து ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, ஐந்து மணிக்கு வார்டு வாசலில் நிற்பார். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் என்னுடையது. அவர் தலையாட்டுகிறவர். இப்போது நான் பேச முடியாததால் அவர் பேசவேண்டியதாயிற்று. முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல் ஃபெரியில் பார்த்ததையே சொன்னார்.

"இன்னிக்கு ஒரு சீனக் கிழவன் கூண்டுல சேவல் கொண்டாந்தான். நடுக்கடல்ல அது தப்பிச்சிருச்சி. கீழ் டெக்கு பூரா ஆளுங்க தொரத்துறாங்க. கடைசில போலீஸ்காரரு தொப்பிய கழட்டி அமுக்கிப் புடிச்சாரு."

நான் சிரிக்கப்போய் இருமினேன். மறுநாளிலிருந்து அவர் எனக்காகவே ஃபெரியில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார் என்று தெரிந்துகொண்டேன். பாலத்தில் எத்தனை தூண் எழும்பியிருக்கிறது என்பதுகூட அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் லீலா வந்தாள். திராட்சை வாங்கி வந்திருந்தாள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"அக்கா, எல்லாரும் ஒங்களத்தான் கேக்குறாங்க. நான் பயந்துக்கிட்டேதான் ஒக்காந்தேன். ஆனா நல்லாத்தான் போவுதுக்கா. நேத்து கேப்டன் ஒருத்தரு என் வாய்ஸ் ரொம்ப ஸ்வீட்டா இருக்குன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சிலா!"

அவள் குரல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது?

அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தவ்கே அடிக்கடி கூப்பிடுவார், பெரிய வாடிக்கையாளர், முன்கோபி. அவரிடம் எப்படிப் பேசவேண்டும்?

எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் பெயர் கேட்கக்கூடாது. குரலைக் கேட்டதும் நேரே சரக்குப் பிரிவுக்கு லைன் கொடுத்துவிடவேண்டும். நான் பென்சிலை எடுத்து, நிதானமாக, தெளிவான எழுத்தில் எழுதினேன்: "பெயரையும் விஷயத்தையும் கேட்டுவிட்டு மேனேஜருக்குக் கொடு."

"தேங்க்ஸ்கா," என்று அந்தத் தாளை மடித்து எடுத்துப் போனாள்.

அவள் போனபிறகு எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். கையில் எதுவும் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை.

"அக்கா, தெரிஞ்சுதான எழுதுனீங்க?"

பென்சிலை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அந்த ஆளு கத்துன கத்து தெருவுக்கே கேட்டிருக்கும். மேனேஜர் எல்லாரு முன்னாலயும் என்னை ஏசுனாரு. நான் கக்கூஸ்ல போயி அழுதேன்." குரலை உயர்த்தாமலே பேசினாள். "பதினாலு வருஷம் அந்தப் பின்னறைல ஒக்காந்திருந்தேன். நீங்க சாப்பிடப் போறப்பகூட என்னை அந்த நாற்காலில ஒக்கார விட்டதில்ல. போர்டுலயே வச்சி சாப்பிடுவீங்க. நான் வாசல்ல நின்னு பாத்திருக்கேன், தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. அவள் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது.

"ஓடிப் போயிடுவேன்னு நெனச்சீங்களா? அந்தத் தவ்கேக்கு நானே போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். இப்ப என் கொரல கேட்டாலே சிரிக்கிறாரு."

பதில் சொல்லப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை வறண்டு, அவசரத்தில் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டேன். மூச்சு அடைத்து இருமல் பிடித்துக்கொண்டது. லீலா சட்டென்று என் தலையைப் பிடித்து முன்னால் சாய்த்து, முதுகைத் தட்டி, கழுத்துக் கட்டின்மேல் படாமல் என் வாயையும் மார்பையும் தன் கைக்குட்டையால் துடைத்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கோபத்தோடுதான் துடைத்தாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

மக்சிக் சாலேஹாவுக்கு எங்கள் தமிழ் புரியாது. இருந்தாலும் அவர் எழுந்து வந்து என் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தார். கணவர் வந்ததும் நடந்ததை எல்லாம் எழுதிக் காட்டினேன். இரண்டு தாள் ஆயிற்று. அவர் படித்து முடித்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு ராஜி," என்றார். அவ்வளவுதான். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவி விட்டார்.

பத்தாம் நாள் சோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. கோமதி அழுதாள், கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கெட்ட கட்டியாக இருந்தாலாவது குரல் போனதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்குமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மகள் கண்ணீரைப் பார்த்ததும் அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். குரல் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. அப்படிக் கிசுகிசுத்துப் பேசுவதும் நாணுக்குக் கெடுதல் என்று டாக்டர் தடுத்திருந்தார். மேனேஜர் நல்ல மனிதர், என்னை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. டெலெக்ஸ் அறையில் இருந்த ஆள் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றுக்குப் போய்விட்டான், அங்கே உட்காருகிறாயா என்றார். டெலெக்ஸ் என்பது தந்தி மாதிரி, ஆனால் டைப்ரைட்டரில் அடிப்பது. இங்கே நாம் அடித்தால் கடலுக்கு அப்பால் வேறொரு ஆபீசில் தானாக அச்சாகும். அவர்கள் அடிப்பது இங்கே அச்சாகும்.

எனக்கு டைப் தெரியாது. லீலாவுக்குத் தெரியும். அவளே வந்து, "சாப்பாட்டு நேரத்துல சொல்லித் தரவா?" என்று கேட்டாள். அவளிடம் கற்றுக்கொள்வதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று இருந்தது. பினாங்கு ரோட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த டைப்பிங் வகுப்பில் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் முடித்த பெண்கள் நடுவில் நான் ஒருத்திதான் மூக்குக்கண்ணாடி. ஒரே எழுத்தை நூறு தடவை அடித்தேன். வீட்டில் மேசை விளிம்பில் விரலை ஓட்டிப் பழகினேன். இரவில் கணவர் முதுகிலும் ஓட்டினேன். "என்னா லெட்டர் எழுதுற?" என்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் லீலாவின் "குட் மார்னிங்" கேட்டுக்கொண்டே இருக்கும். நாளுக்கு நாற்பது தடவை. நாற்பது தடவையும் எரியும்.

ஆனால் டெலெக்ஸ் அறையில் எனக்கு ஒன்று புரியத் தொடங்கியது. ஸ்விட்ச்போர்டில் நான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு விலகிக்கொள்வேன். அவர்கள் என்ன பேசினார்கள், என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. இங்கே எல்லாவற்றையும் கடைசி வரை படிக்கிறேன். எந்தக் கப்பலில் அரிசி நனைந்தது, எந்தக் கேப்டனுக்குப் பேரன் பிறந்தான் என்பதெல்லாம் என் கைவழியாகப் போகிறது. இருபத்திரண்டு வருஷம் வாசலிலேயே நின்றுவிட்டு, இப்போதுதான் வீட்டுக்குள் வந்தது போல இருந்தது.

ஒரு மாலை, எல்லாரும் கிளம்பும் நேரம், ஒரு கப்பலைப் பற்றிச் செய்தி வந்தது. மாலுமி ஒருவருக்குக் கடுமையான வயிற்றுவலி, குடல்வாலாக இருக்கலாம், பினாங்கில் இறக்கவேண்டும். மேனேஜர் படகுக்கும் ஆம்புலன்சுக்கும் டாக்டருக்கும் ஏற்பாடு செய்தார். நான் பதில்களை அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரைக் கேட்காமலே ஒரு வரி சேர்த்தேன்: டாக்டர் படகுத்துறையிலேயே காத்திருக்கிறார், பயப்படவேண்டாம் என்று மாலுமியிடம் சொல்லுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு யாராவது இப்படி ஏதாவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்.

மூன்று வாரம் கழித்து ஒருவர் ஆபீசுக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். ஊருக்குப் புறப்படுவதற்கு முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கப்பலுக்குப் போய்ச் சேர்ந்த என் செய்தி. கேப்டன் அதை அவர் கையிலேயே கொடுத்திருந்தார்.

"இதை அனுப்பினது யாரும்மா?"

"நான்தான்," என்றேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

"அன்னைக்கு இதத்தாம்மா கையில புடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன்," என்றார். திரும்ப மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

குரலும் மெல்ல வந்தது. ஒன்பதாம் மாதம் டாக்டர் கண்ணாடியில் பார்த்து, இடது நாண் லேசாக அசைகிறது, வலதும் கொஞ்சம் எட்டிப் போய் அதைத் தொடுகிறது என்றார். பழைய குரல் இல்லை. சளி பிடித்த ஆம்பிளைக் குரல் மாதிரி ஒன்று. ஆனால் கேட்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். போர்டு முதலிலிருந்தே உன்னுடையது, வேண்டுமென்றால் திரும்பிப் போகலாம், லீலா பின்னறைக்குப் போவாள் என்றார். கண்ணாடிக் கதவு வழியாக லீலா தெரிந்தாள். போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் நிறுத்தினாள். எதற்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பது மாதமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஆனால் கேட்டதும் என் மனம் போர்டுக்குப் போகவில்லை. காலையில் ரங்கூனிலிருந்து பாதியில் நின்றுபோன ஒரு செய்தி இருந்தது. அது என்ன ஆயிற்று என்றே ஓடிக்கொண்டிருந்தது.

"வேணாம் சார். நான் டெலெக்ஸ்லயே இருக்கேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன்."

லீலாவுக்காக ராஜேஸ்வரி விட்டுக்கொடுத்தாள் என்று ஆபீஸ் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் லீலா டெலெக்ஸ் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்காகவா வேணாம்னீங்க?"

"இல்ல."

"நெஜமா?"

"ஒனக்காக விட்டுக்குடுக்குற அளவுக்கு நான் நல்லவ இல்ல, லீலா. எனக்கு இந்த வேல புடிச்சிப் போச்சி."

"அப்படின்னா தேங்க்ஸ் சொல்லமாட்டேன்," என்றாள்.

"சொல்லாத."

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், என் புதுக் குரலில். வெளியே போன் அடித்தது. அவள் ஓடினாள். அவள் எடுத்துப் பேசிய அழகைக் கேட்டு எனக்கு மறுபடியும் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன். அதற்குள் மெஷின் தட்டத் தொடங்கியது. ரங்கூன்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.